நரி காட்டிய புது உப்பு

காட்டோரக் குளக்கரையில் உவர்மண் மேடு ஒன்று இருந்தது. காட்டுமாடுகள் தினமும் அங்கே வந்து, உப்பு ருசிக்காக மண்ணை நக்கிவிட்டுப் போகும். அந்த மந்தைக்குத் தலைவி செங்கண்ணி என்ற பசு.

ஒருநாள் லாரியில் வந்த மனிதர்கள், உடைந்த பழைய பேட்டரிகளைக் கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். அவற்றிலிருந்து உதிர்ந்த சாம்பல் நிறத் தூளை ஒரு மான் நக்கிப் பார்த்தது. ருசி பிடித்துப்போய் தினமும் வந்து நக்கியது. கொஞ்ச நாளில் அதற்குக் கண் தெரியாமல் போனது. மரத்தில் முட்டி விழுந்து செத்தது.

இதையெல்லாம் புதரிலிருந்து ஒரு நரி பார்த்தது. சோம்பேறி நரி. வேட்டை என்றாலே அதற்குக் கால் வலிக்கும். 'ஆகா! ஓடாமலே இரை கிடைக்க வழி பிறந்துவிட்டது!' என்று வாலை ஆட்டியது.

நேரே மந்தைக்குப் போனது.

"செங்கண்ணி அக்கா! குளக்கரையில் புது உப்பு வந்திருக்கிறது. அடடா, என்ன ருசி!"

"சோதிக்காமல் தொடமாட்டோம், தம்பி!"

புது மண் எதுவானாலும் தலைவிதான் முதலில் நக்கும். மறுநாள் அது நலமாக எழுந்தால்தான் மற்ற மாடுகள் வாய் வைக்கும். அது மந்தையின் வழக்கம்.

செங்கண்ணி நக்கியது. இனித்தது! மறுநாள் நன்றாகவே எழுந்தது. "ஒன்றும் ஆகவில்லை, வாருங்கள்!" என்றது. மெல்லக் கொல்லும் நஞ்சு மறுநாளே சொல்லிக்கொண்டா வரும்? பாவம், மாடுகளுக்கு அது தெரியவில்லை.

மாதம் ஒன்று போனது. ஒரு கிடாரி தள்ளாடி விழுந்து செத்தது. நரிக்குக் கொண்டாட்டம்! மெத்தென்ற ஈரலைக் கவ்விக்கொண்டு வளைக்கு ஓடியது.

பெண்நரி தயங்கியது. "எதனால் செத்ததென்றே தெரியாத மாடு. குட்டிகளுக்குக் கொடுக்கலாமா?"

"நீயே மோந்து பார்! துளி நாற்றம் இருக்கிறதா?"

இல்லைதான். நரிகளுக்கு மூக்குதான் சாட்சி. மாடுகள் ஒவ்வொன்றாக விழ விழ, குட்டிகள் ஈரலாகத் தின்றன.

பிறகு ஒரு காலை, செல்லக் குட்டி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"ஐயோ, என் பிள்ளைக்கு என்ன ஆச்சு! கெட்ட கறியையா கொடுத்தீர்கள்?" என்று பெண்நரி அலறியது.

"நல்ல கறிதான்! மோந்து பார்த்துத்தானே கொடுத்தேன்!"

"அப்படியானால் அந்த மாடுகள் எதைத் தின்றன?"

நரி விழுந்தடித்துக் குளக்கரைக்கு ஓடியது.

"நக்காதீர்கள் அக்கா! அது உப்பில்லை, நஞ்சு! தெரிந்தேதான் உங்களைக் கூப்பிட்டேன்!"

செங்கண்ணி அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த மாடுகளைக் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்கு நடந்தது.

நரி வளைக்குத் திரும்பியது. காலடிச் சத்தம் கேட்டதும் குட்டி "அப்பா!" என்று ஓடிவந்தது. எதிரிலேயே நின்ற அப்பாவைத் தாண்டிப் போய், வளையின் மண்சுவரில் முட்டிக்கொண்டது.

இரைக்கு வைக்கும் நஞ்சு இரையோடு நின்றுவிடாது. அதைத் தின்பவர் வயிற்றுக்கும் வந்து சேரும்.