இரண்டாவது கேட்

வேதவல்லி ஒரு கதவைப் பூட்டினால் மூன்று தரம் பூட்டுவாள். பூட்டி, இழுத்துப் பார்த்து, படியிறங்கித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அடுப்பு, குழாய், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காரைக்கால் போகக் கிளம்பியவள், பாதி வழியில் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்து காரைத் திருப்பச் சொன்னாள். வீட்டில் பெட்டி ஜில்லென்று ஆறிக் கிடந்தது. விமானம் போய்விட்டது.

அவள் வாழ்ந்தது பிரான்சில், மொர்வான் மலைப் பக்கம், வால்பியேர் என்ற சின்ன ஊரில். புருஷனுக்கு மர ஆலையில் வேலை. அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில். ஊரைச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் காடு. காட்டுக்கு நடுநடுவே மேய்ச்சல் நிலம். அதில் வெள்ளை மாடுகள்.

அந்த மாடுகளில் பதினான்கு செலஸ்தீனுடையவை. செலஸ்தீன் புதுச்சேரிப் பெண். ஆறு வயதில் பெற்றோரோடு வந்தவள். அந்த ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மாடு வளர்த்தாள். வேதவல்லியைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மலையில் அவள் ஓடாத பாதை கிடையாது.

ஒருநாள் வேதவல்லி, கேஸை மூடினோமா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்பிப் போய், பஸ்ஸைத் தவறவிட்டு, அதன் பின்னாலேயே மேட்டில் ஓடினாள். செலஸ்தீன் வேலியோரம் நின்று அதைப் பார்த்தாள்.

“பஸ் போயிடுச்சு அக்கா. ஆனா கால் நல்லா இருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க.”

அன்றிலிருந்து செலஸ்தீன் குரு, வேதவல்லி சிஷ்யை. வயதுக்கு அது தலைகீழ்தான். இரண்டு பேருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓட்டம் முடிந்ததும் சிஷ்யை தினமும் ஒரே கேள்வி கேட்பாள்.

“நாளைக்கு எந்த வழி?”

“காலையில சொல்றேன்.”

“வழியில எத்தனை கேட் வரும்?”

“இருக்கறது வரும்.”

கேட் என்றால் மேய்ச்சல் நிலத்து இரும்பு கேட். பாதைகள் மாடு மேயும் இடத்துக்குள் புகுந்துதான் வெளியே வரும். திறந்தவர் மூட வேண்டும், சங்கிலியைக் கொக்கியில் மாட்ட வேண்டும். மலையில் இருந்த ஒரே சட்டம் அது. மாட்டாவிட்டால் மாடு காட்டுக்குள் போய்விடும். வேதவல்லி மாட்டுவாள். நூறடி போவாள். நிற்பாள். மாட்டினோமா?

ஊர்த் திருநாள் அன்று வருஷம் ஒருமுறை காட்டுச் சுற்று என்ற ஓட்டம் நடக்கும். பதினெட்டு கிலோமீட்டர், மூன்று கேட். ஒன்பதரைக்குப் புறப்பட வேண்டும். ஊர்ச் சதுக்கத்தில் பெரிய மாட்டு மணி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். வந்து சேர்ந்தவர்கள் அதை அடிக்கலாம். தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்துவிட்டால் கஸ்தோன் மணியை இறக்கிவிடுவார். அவர் பழைய தபால்காரர், நாக்கு நீளம்.

வேதவல்லி இரண்டு வருஷம் ஓடினாள். இரண்டு வருஷமும் இரண்டாவது கேட்டைத் தாண்டி, ஊசியிலைக் காட்டுக்குள் அரை கிலோமீட்டர் போன பிறகு, திரும்பி ஓடினாள். இரண்டு தரமும் கேட் மூடித்தான் இருந்தது. இரண்டு தரமும் அவள் சதுக்கத்துக்கு வந்தபோது கஸ்தோன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மதாம் கேட் வந்தாச்சு!” என்றார். “நல்லாப் பூட்டினீங்களா?”

ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். பிறகு குழாயை மூடினோமா என்று மூன்று தரம் பார்த்தாள்.

மூன்றாம் வருஷம். திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

“செலஸ்தீன், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“எனக்கு அந்த மணியை அடிக்கணும். ஒரே ஒரு தரம். கால் ஓடுது, மூச்சு ஓடுது. மனசுதான் அந்த கேட் பக்கத்துலயே நிக்குது. மூடிட்டேன்னு எனக்கு எப்பத்தான் நிச்சயமாத் தெரியும்?”

செலஸ்தீன் வானத்தைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்கு இரண்டாவது கேட்டுக்கு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை வேதவல்லி போனபோது மாடுகள் கேட்டின் பக்கத்திலேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. செலஸ்தீன் கொக்கியைக் கழற்றினாள். கேட்டை முழுக்கத் தள்ளித் திறந்தாள். பிறகு ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள்.

“என்ன பண்றே? மாடு போயிடும்!”

“போகும்.”

“மூடு! நான் மூடறேன்.”

“உக்காருங்க அக்கா.”

கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பசு மர்கோ தலையை வெளியே நீட்டியது. ஒரு காலை வைத்தது. இன்னொரு காலை வைத்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக, திருவிழாவுக்குப் போவதுபோல், பதினான்கும் வெளியே போயின. முப்பது வருஷமாக வேதவல்லி எதை நினைத்து நடுங்கினாளோ, அது அவள் கண்ணெதிரே வாலை ஆட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தது.

கடைசி மாடு மரங்களுக்குள் மறைந்ததும் செலஸ்தீன் எழுந்தாள்.

“இப்பப் பிடிக்கலாம். நீங்க மேலே, நான் கீழே.”

வேதவல்லி ஓடினாள். மேட்டில் ஓடினாள், சரிவில் ஓடினாள். ஓடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறினாள். இரண்டு மாட்டை இடிந்த சிற்றாலயத்துப் பக்கம் மடக்கினாள். பாதை இருந்த இடத்தில் பாதையில் ஓடினாள், இல்லாத இடத்தில் மாட்டின் குளம்படியில் ஓடினாள். மூன்று கன்றுகள் சேற்றில் நின்றுகொண்டு அவளையே பார்த்தன.

“ஏய் கழுதைங்களா! நடங்கடி! உங்களுக்கு ஊர் சுத்தக் கேக்குதா?”

அவை நடந்தன.

“பிரெஞ்சு மாட்டுக்குத் தமிழ் புரியுமா?” என்று கீழேயிருந்து செலஸ்தீன் கத்தினாள்.

“திட்டினா புரியுது!”

பதின்மூன்று கிடைத்தன; உள்ளே அடைத்தாயிற்று. மர்கோ மட்டும் இல்லை. மணிச்சத்தம் ஊர்ப்பக்கமிருந்து வந்தது. இருவரும் கஷ்கொட்டைக் காட்டு வழியே இறங்கி ஓடினார்கள். மர்கோ கஸ்தோனின் தோட்டத்தில் நின்றது. அதன் வாயில் ஒரு முட்டைக்கோஸ்.

“நாலு கோஸ்!” என்று கஸ்தோன் வேலிக்கு அந்தப் பக்கம் குதித்தார். “நாலு! யார் கேட்டைத் திறந்துவிட்டது? மதாம் கேட், நீங்களா?”

வேதவல்லி மூச்சு வாங்க நின்றாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். கோஸைப் பார்த்தாள்.

“நாலுதானா?” என்றாள்.

“நாலு போதாதா?”

“மீதியைக் குடுங்க முசியே. தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணித் தரேன்.”

மர்கோவை மேலே ஓட்டிக்கொண்டு போய், உள்ளே விட்டு, வேதவல்லி கேட்டை மூடினாள். சங்கிலியை மாட்டினாள். பதினான்கையும் எண்ணினாள். தாடையெல்லாம் சேறு, முழங்கையில் முள்ளுக் கீறல். அப்போதுதான் பள்ளத்திலிருந்து பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது.

செலஸ்தீன் ஓடிய தூரத்தைக் கணக்கிடும் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். “இருபது கிலோமீட்டர்.”

“பொய் சொல்லாதே.”

“காட்டுச் சுற்று பதினெட்டுதான் அக்கா.”

வேதவல்லி தாடைச் சேற்றைத் துடைத்தாள். பிறகு, “நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே,” என்றாள்.

செலஸ்தீன் குனிந்து ஷூவிலிருந்த சேற்றை ஒரு குச்சியால் சுரண்டினாள். “பசிக்குது. பொரியல்னீங்களே?”

திருநாள் வந்தது. எழுபது பேர் புறப்பட்டார்கள். வேதவல்லி நடுவில் இருந்தாள். மேட்டில் ஏழெட்டுப் பேரைத் தாண்டினாள். முதல் கேட் வந்தது. திறந்தாள், மூடினாள், மாட்டினாள். இரண்டாவது கேட் வந்தது. திறந்தாள், மூடினாள், ஓடினாள்.

ஊசியிலைக் காட்டுக்குள் அரை கிலோமீட்டரில் ஒரு பெரிய பாறை உண்டு. பாறை தெரிந்ததுமே வழக்கமான கேள்வி வந்துவிட்டது. மாட்டினோமா? கையைக் கேட்டாள். கைக்கு ஞாபகம் இல்லை. சங்கிலி விழுந்த சத்தம் கேட்டதா? காதுக்கு ஞாபகம் இல்லை. பின்னால் வருகிறவர்கள் மாட்டியிருப்பார்கள் என்ற சமாதானம் அவள் மனசிடம் எடுபடவில்லை.

கால் நின்றது.

பின்னால் வந்த ரொட்டிக் கடைக்காரி அவளைத் தாண்டும்போது, “என்ன மதாம் கேட், இந்த வருஷமும் திரும்பிப் போறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

வேதவல்லி திரும்பிப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து மறைந்தது. அந்த வளைவில் மர்கோ தலையை நீட்டிக்கொண்டு வருவதுபோல் தோன்றியது. வாயில் கோஸ். பின்னால் பதின்மூன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. நடுக்காட்டில் தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வர, உரக்கச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினாள்.

ரொட்டிக் கடைக்காரியைச் சிற்றாலயத்து மேட்டில் பிடித்தாள். “கடை மூடிட்டு வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தாண்டினாள். மூன்றாவது கேட்டை மூடிவிட்டு, கஷ்கொட்டைக் காட்டில் மர்கோ போன வழியிலேயே இறங்கினாள். அவளுக்குக் கீழே ஊர் தெரிந்தது. கூரைகள் தெரிந்தன. சதுக்கமும், அதில் கயிற்றில் தொங்கிய மணியும் தெரிந்தன.

கஸ்தோன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசித் திருப்பத்தில் அவளைக் கண்டதும் கயிற்றை விட்டு விலகி வழிவிட்டார். வேதவல்லி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணி அதிர்ந்தது. மறுபடி இழுத்தாள். குழந்தைகள் கத்தினார்கள். அவள் புருஷன் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஒன்றைக் கத்தினார். அவள் நிறுத்தவில்லை.

“போதும் மதாம்!” என்று கஸ்தோன் காதைப் பொத்திக்கொண்டார். “மணி உடைஞ்சிடும்!”

“இரண்டு வருஷப் பாக்கி இருக்கு முசியே!”

அவள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது. இரண்டு மணியும் சேர்ந்து மலைவரை கேட்டது.

செலஸ்தீன் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். வேதவல்லி முகத்தைக் கழுவினாள், குடித்தாள், தரையிலேயே உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சிரிப்புக்குள் ஒரு பழைய நிழல் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“செலஸ்தீன்.”

“சொல்லுங்க.”

“இரண்டாவது கேட்டை மாட்டினேனான்னு இன்னும் எனக்குத் தெரியல.”

செலஸ்தீன் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டாள். நிமிர்ந்து மலையைப் பார்த்தாள்.

“திறந்திருந்தா நல்லது அக்கா. நாளைக்கு எந்த வழின்னு மாடுங்களே சொல்லிடும்.”