மெழுகில் உருட்டிய மருந்து

ஆற்றங்கரை நாவல் மரப் பொந்தில் ஒரு தேன்கூடு இருந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டிவிடும் வேலை செம்பி என்ற தேனீக்கு. அந்தக் கூட்டில் புழு விழுந்துவிட்டது. மெழுகைத் தின்று, நூலாம்படை கட்டி, குஞ்சுகள் இருந்த அறைகளையெல்லாம் துளைத்துக்கொண்டே போனது.

"இனி இங்கே பிழைக்க முடியாது. எல்லாரும் கிளம்புங்கள்!" என்றாள் ராணி.

"இறக்கை முளைக்காத பிள்ளைகள் என்ன செய்யும் ராணியம்மா?" என்று கேட்டாள் செம்பி.

ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் இட்ட முட்டைகள்தானே அத்தனையும்!

"கொஞ்சம் பொறுங்கம்மா, மருந்து போட்டுப் பார்க்கிறேன்" என்று செம்பி பறந்தாள். எருக்கம்பாலை வயிறு முட்ட உறிஞ்சிவந்து தேனில் கக்கினாள். கூடு முழுக்கப் பரவினால் புழு எங்கே தப்பும் என்பது அவள் கணக்கு.

தேனீ வீட்டில் தனிச்சாப்பாடு கிடையாது. ஒருத்தி குடித்ததை அடுத்தவள் வாயில் ஊட்டுவாள். பொழுது சாய்வதற்குள் மருந்து எல்லார் வயிற்றிலும் இறங்கிவிட்டது. வாசல் காக்கும் முறைப்பிக்கு உடம்பு ரோமமெல்லாம் கொட்டியது. குஞ்சுகளில் சில அசையவேயில்லை. புழுவும் கொஞ்சம் வாடியதுதான். கூடு அதைவிட வாடியது.

செம்பி வாய்விட்டு அழுதாள்.

உட்கார்ந்து தின்பதே உத்தியோகமான ஆண் தேனீ தடியன், மல்லாந்து கிடந்தபடி கத்தினான். "ஏண்டி செம்பி! மெழுகைத் தின்றது நானா? அந்தப் புழு! மருந்து மட்டும் எனக்கா?"

"வாயை மூடு! தின்பதைத் தவிர உனக்கு..." செம்பி பாதியில் நிறுத்தினாள். "அடேய், என்ன சொன்னாய்? மெழுகா?"

மெழுகைக் கடிப்பார்கள், கட்டுவார்கள். எந்தத் தேனீயும் விழுங்கியதில்லை. விழுங்குவது புழு மட்டும்தான்!

செம்பி மறுபடி பறந்தாள். இம்முறை எருக்கம்பாலை வயிற்றில் ஏற்றவில்லை. மகரந்தம் சுமக்கிற பின்னங்கால்களில் அப்பிக்கொண்டாள். அது இறுகியதும் கறுத்த பழைய மெழுகுக்குள் வைத்து உருட்டி, புழுக்கள் குடைந்த பொந்துகளின் வாயிலேயே வைத்தாள்.

"யாரும் வாய் வைக்கக் கூடாது! தடியா, உனக்கும்தான்!" என்று முறைப்பி காவல் நின்றாள்.

"மெழுகையா? சீச்சீ!"

ஒரு புழு எட்டிப் பார்த்தது. "அட, பழைய மெழுகு!" என்று ஆசையாக விழுங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் புழுக்கள் மெழுகைக் கொறிக்கும் நறநறப்பு அடங்கியது.

எருக்கம்பால் பட்டுச் செம்பியின் கால்கள் புண்ணாகிவிட்டன. காலியாகிப்போன அறைகளைத் தாண்டும்போதெல்லாம் அவள் நின்று நின்றுதான் போனாள். ஆனால் ஓர் அறையிலிருந்து, "பசிக்குது!" என்று ஒரு குரல் வீறிட்டது.

வாசலில் கிளம்பத் தயாராக நின்ற ராணி உள்ளே திரும்பினாள். "நின்றுகொண்டே இருக்கிறாயே! பிள்ளைக்கு ஊட்டு!" என்றாள்.

நோயைக் கொல்லும் மருந்து கிடைத்தால் மட்டும் போதாது, அது நோயாளியை வாட்டாமல் நோயிடம் போய்ச் சேரும் வழியையும் கண்டுபிடிக்க வேண்டும்.