தவராஜ் அண்ணனின் ஆம்ப்ளிஃபயர்

"டீச்சர், மலிவான பெட்டி விலை கூடின பெட்டிக்கு ஈடாகுமா?"

ஹெட்போனுக்குச் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றித்தான் குணாளன் கேட்டான்.

ஹாஜிரா டீச்சர் வாசலில் உதிர்ந்து கிடந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவனைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்தவர். இப்போது ஏலகிரி மலைமேல் ஓர் ஓட்டு வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கக் கற்றுத் தருகிறார்.

பாடக் கற்றுத் தர ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. கேட்கக் கற்றுத் தர அவர் ஒருவர்தான்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றார்.

"சும்மாதான் டீச்சர்."

"சும்மா கேக்குறதுக்கு யாரும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு மலை ஏற மாட்டாங்க."

குணாளன் தரையைப் பார்த்தான்.

"தவராஜ் அண்ணன் இன்னிக்குத் தன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றார். அதையும் உங்க சின்னப் பெட்டியையும் துணி போட்டு மூடி வெச்சு, எது எதுன்னு உங்க முன்னால சொல்லப் போறாராம். என்னையும் சொல்லச் சொல்றார்."

"சொல்லுங்களேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"அப்ப அதைச் சொல்லுங்க."

"சொன்னா ஒரு வீடு போயிடும் டீச்சர்."

டீச்சர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

குணாளன் திருப்பத்தூருக்கு மாற்றலாகி வந்தவன். காலையில் அலுவலகம். மதியம் மெஸ். மாலையில் அறை. அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் தெருச் சத்தம் நின்றுவிடும். கழற்றினால் தெரு இருக்கும், ஆனால் அதில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை. தீபாவளிக்கு லீவு கிடைக்காத வருடம், மெஸ்ஸும் மூடியிருந்தது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தான்.

தவராஜ் அண்ணனை இந்த வகுப்பில்தான் சந்தித்தான். தோல் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். "என் வீட்டுக்கு வா தம்பி, நான் வெச்சிருக்கிற பெட்டியை ஒரு தடவை கேளு" என்று கூப்பிட்டார். போனான். கேட்டான். "அடேயப்பா" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு ஒரு கதவு திறந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை தவறாமல் போனான். காப்பி வரும். தட்டில் முறுக்கு வரும். அவர் கொஞ்ச நேரம் ஹெட்போனை மாட்டிக் கேட்பார். கழற்றி அவனிடம் கொடுப்பார். அவன் கேட்டு முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படி?" என்பார்.

"பிரமாதம்ணே" என்பான்.

இதையெல்லாம் குணாளன் சொல்லி முடித்தான்.

"அப்ப பெரிய கேள்விதான்" என்றார் டீச்சர்.

உள்ளே போய்விட்டார்.

*

தவராஜ் அண்ணன் பெட்டியைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் கனத்த பெட்டி.

"ஒவ்வொரு வளைவுலயும் உசுரு போயிட்டு வந்துச்சு டீச்சர். பச்சைப் புள்ளையைத் தூக்கிட்டு வந்திருந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

"வைங்க சார். தண்ணி குடிங்க."

"முதல்ல இது சூடாகணும். சூடாகாம வாயே திறக்காது."

"இங்க குளிர் ஜாஸ்தி. கம்பளி போர்த்தி விடட்டுமா?"

தவராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. இந்தப் பெட்டி விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

டீச்சர் அலமாரியிலிருந்து தன் பெட்டியை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. செல்போன் உறை விற்கிற கடையில் வாங்கியது.

"யானைக்குப் பக்கத்துல ஆட்டுக்குட்டியைக் கட்டுறீங்களே டீச்சர்!"

"எடை போட இல்லையே சார், கேக்கத்தானே."

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். ஒரு சின்ன மீட்டரை எடுத்து இரண்டின் சத்தத்தையும் அளந்தார். வெள்ளிப் பெட்டியின் திருகைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி அளந்தார். இன்னும் ஒரு துளி குறைத்தார். இரண்டும் சமமாயின.

"ஏன் குறைக்கிறீங்க? எங்க வீட்டுல இன்னும் கொஞ்சம் ஏத்தித்தான் வெப்பேன். அப்பத்தான் இதோட அழகே தெரியும்."

"ஒரு துளி ஏத்தி வெச்சா எந்தப் பெட்டியும் அழகுதான் சார்."

பிறகு இரண்டையும் போர்வையால் மூடினார். ஒயர்களை ஒரு மாற்றுப் பெட்டியில் செருகினார். அதன் குமிழைத் திருப்பினால் பாட்டு ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். குமிழின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, கையை உள்ளே விட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணமும் ஒரு கை புளியங்கொட்டையும்.

இது அவருடைய வழக்கம். சரியாகச் சொன்னால் கொட்டை கிண்ணத்தில் விழும். தப்பானால் பாயில் விழும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்.

டீச்சர் ஒரு பழைய கச்சேரிப் பதிவை ஓடவிட்டார். தவராஜ் அண்ணன் முதலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்னோடது."

கிண்ணத்தில் டங்கென்றது.

"இதுவும் என்னோடது. அந்தத் தம்புராவைக் கேட்டாலே தெரியுதே."

பாயில் சத்தமில்லாமல் விழுந்தது.

"இது... இது உங்களோடது. தட்டையா இருக்கு."

பாய்.

முடிந்து கண்ணைத் திறந்தபோது, கிண்ணத்தில் கிடந்த அளவுக்குப் பாயிலும் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அப்படித்தான் கிடந்திருக்கும்.

தவராஜ் அண்ணன் அதையே பார்த்தார். காதைத் தேய்த்துக்கொண்டார்.

"வயசாயிடுச்சு டீச்சர். காது போச்சு. நீ உக்காரு குணா. உன் காது இளங்காது. நீ சொல்லு."

அவர் குரலில் கட்டளை இல்லை. குணாளனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

உட்கார்ந்தான். மாட்டிக்கொண்டான்.

"வெள்ளிப் பெட்டி" என்றான், குருட்டாம்போக்கில்.

கொட்டை கிண்ணத்தில் விழுந்தது.

அடுத்தது.

"கறுப்பு."

கிண்ணம்.

மூன்றாவது முறை அவனுக்கு ஒன்று பிடிபட்டது. குமிழ் வெள்ளிப் பெட்டியின் பக்கம் திரும்பும்போது மட்டும் காதில் மிகச் சன்னமாக ஒரு டிக். நகம் நகத்தில் பட்டாற்போல. கறுப்பின் பக்கம் திரும்பினால் அது இல்லை.

டிக்.

"வெள்ளி."

கிண்ணம்.

"கறுப்பு."

கிண்ணம்.

"பாத்தீங்களா டீச்சர்!" தவராஜ் அண்ணன் பாயைத் தட்டினார். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!" அவர் முகத்தில் சனிக்கிழமை மாலை திரும்பி வந்திருந்தது.

டிக்.

வாயைத் திறந்தால் போதும். காப்பி இருக்கும். முறுக்கு இருக்கும். "வா தம்பி" இருக்கும்.

குணாளன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான்.

"குமிழ்ல ஒரு டிக் கேக்குது டீச்சர். அதை வெச்சுத்தான் சொல்றேன். பாட்டுல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை."

டீச்சர் கூடைக்குள்ளிருந்து கையை எடுத்தார்.

தவராஜ் அண்ணன் கிண்ணத்தில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தெரியலையா," என்றார், "என்னிக்குமே தெரியலையா?"

"என்னிக்கும் தெரிஞ்சதில்லைண்ணே."

"அப்ப பிரமாதம் பிரமாதம்னு சொன்னியே?"

குணாளன் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினான்.

"ஒண்ணும் தெரியாமத்தான் வாராவாரம் வந்தியா? எதுக்குடா வந்தே?"

"நீங்க கூப்பிட்டீங்கண்ணே. இந்த ஊர்ல வேற யாரும் கூப்பிடலை."

தவராஜ் அண்ணன் எழுந்தார். போர்வையை விலக்கினார். வெள்ளிப் பெட்டியின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். துண்டை விரித்து அதில் பெட்டியை வைத்தார். ஒரு முனையை மடித்தார். அடுத்த முனைக்குப் போன கை அங்கேயே நின்றது.

திரும்பாமலே பேசினார்.

"இதை வாங்குறதுக்கு முன்னாடி என் வீட்டுக்கும் யாரும் வந்ததில்லை."

ஓட்டின் மேல் ஏதோ காய் விழுந்து உருண்டது. அது தரையைத் தொடும்வரை மூவரும் கேட்டார்கள்.

"சார்," என்றார் டீச்சர், "உங்க பெட்டியில ஹெட்போன் செருக எத்தனை ஓட்டை?"

"ஒண்ணு." அந்த நேரத்திலும் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "உசந்த பெட்டின்னா ஒண்ணுதான் இருக்கும். ரெண்டு வெச்சா தரம் குறையும்."

டீச்சர் கறுப்புப் பெட்டியைத் தூக்கி அவர்கள் இருவருக்கும் நடுவில் பாயில் வைத்தார். அதன் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

இரண்டு ஓட்டைகள்.

தன்னுடைய ஹெட்போனையும் எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

குணாளன் செருகினான். காத்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தவராஜ் அண்ணன் பாயில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவரும் செருகினார்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தம்புரா வந்தது. குரல் வந்தது. குரல் மேலே ஏறி, ஏறின இடத்தில் ஒரு கணம் நின்றது. அந்த நிசப்தத்தில், கச்சேரி கேட்க வந்த யாரோ ஒருவர், எப்போதோ, இருட்டில் எங்கோ உட்கார்ந்து இருமினார்.

தவராஜ் அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். காதை மூடியிருந்ததால் தன் குரல் தனக்கே கேட்காமல், வீடு அதிரக் கத்தினார்.

"இருமினான் பாத்தியாடா?"

குணாளனும் கத்தினான்.

"கேட்டேண்ணே!"