பொடிச்சி தோண்டிய வளை

நாவல்மரத்துக் குளத்தில் ஒரு நாமக்கோழி பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். கறுப்பு உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். பார்த்தாலே டீச்சர் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றெல்லாம் கிடையாது. பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே வகுப்புதான். கொம்பு முளைக்கப்போகிற எருமைக்கன்று மொட்டையனும் அங்கேதான் படித்தான். முட்டை ஓட்டின் ஈரம் காயாத வாத்துக்குஞ்சுகளும் அங்கேதான் படித்தன. எல்லோரிலும் சின்னவள் பொடிச்சி என்ற நண்டு. மொட்டையனின் குளம்புக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால், டீச்சர் குனிந்து தேடித்தான் கண்டுபிடிப்பார்.

பாடமும் உட்கார்ந்து ஒப்பிக்கும் பாடம் இல்லை. குளத்தைச் சுற்றி வாழ்கிறவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகள் போவார்கள். அங்கே நடக்கிற வேலையைத் தாங்களே செய்து கற்பார்கள். கையில்லாதவர்கள் அலகால் செய்வார்கள், காலால் செய்வார்கள். தூக்கணாங்குருவி வீட்டில் புல் முடையக் கற்றார்கள். கரையான் வீட்டில் மண்ணைப் பதமாகக் குழைக்கக் கற்றார்கள்.

குஞ்சுகளின் தாய் வாத்தம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எம்புள்ளைங்க இங்க படிக்க வருதா, சேத்துல உருள வருதா?" என்று கரையில் நின்றபடி தினமும் கேட்பாள். கேட்டுவிட்டு, மறுநாளும் குஞ்சுகளை நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவாள்.

வீட்டுக்குப் புறப்படும் முன் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் அன்று தனக்கு ஏதாவது கற்றுத் தந்தவரிடம் போய், "இன்னிக்கு இதை உன்கிட்டக் கத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் வீட்டுக்குப் போகலாம்.

மொட்டையன் எப்போதும் டீச்சரிடம் மட்டுமே சொல்வான்.

"இந்தப் பொடிசுங்ககிட்ட நான் என்னத்தைக் கத்துக்கிறது?" என்பான்.

குஞ்சுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். பொடிச்சியிடம் மட்டும் யாரும் வந்ததில்லை. தினமும் அந்த நேரத்தில் அவள் கொடுக்குகளை மடக்கிக்கொண்டு, கண்களை நீட்டிக் காத்திருப்பாள். பிறகு தானாகவே வீட்டுக்கு நகர்ந்துவிடுவாள். பாவம், ஒரு முறையாவது அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை.

பங்குனி வெயில் ஏறியது. அடுத்த மழை எங்கோ தொலைவில் இருந்தது. இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றினால்தான் கோடையைத் தாண்ட முடியும். இந்தக் குளம் வற்றினால் அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம். பெரியவர்கள் எப்படியாவது போய்ச் சேர்வார்கள், குஞ்சுகளால் முடியாது.

"நாளைக்கு நம்ம பாடம் குளத்தங்கரையில" என்றார் டீச்சர். "உங்க உங்க வீட்டுல நல்லா வர்ற வேலை எதுவோ, அதைக் கரையில செஞ்சு காட்டணும்."

மறுநாள் குஞ்சுகள் கரையோரக் கோரைப்புல்லைப் பிடுங்கி வந்து அடுக்கின. மொட்டையன் தளர்ந்த மண்ணை மிதித்து இறுக்கினான். டீச்சர் எல்லோரையும் பாராட்டிக்கொண்டே வந்தார்.

"பொடிச்சியைக் காணோமே?"

"இங்க இருக்கேன், டீச்சர்" என்று கரைக்கு வெளிப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தண்ணிப் பக்கமா நுழைஞ்சு, கரையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் வந்துட்டேன். எங்கம்மா தோண்டுற வளை பாதியிலேயே நின்னுடும். நான் தோண்டுனது முழுசு!"

எல்லோரும் கரை ஏறி எட்டிப் பார்த்தார்கள். பொடிச்சி மண் பூசிய முகத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வளை வழியாக மெல்லிசாகத் தண்ணீர் வடிந்தது.

"அருவி மாதிரி இருக்கு" என்றது ஒரு குஞ்சு. மற்ற குஞ்சுகள் அதில் போய் நனைந்து ஆடின. மொட்டையன்கூடச் சிரித்தான். டீச்சர் ஒருவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையின் வாய் இடிந்து பெரிதானது. தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. கரை மண் கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழுந்தது.

வாத்தம்மா இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கரையில ஓட்டை போட்டுட்டாளே! குளமே போச்சு. முதல்ல இந்த நண்டுக் குடும்பத்தைக் குளத்தைவிட்டு அனுப்புங்க."

மொட்டையன் வெளிப்பக்கம் இறங்கி, மண்ணை மூக்கால் தள்ளி ஓட்டையை அடைத்தான். தண்ணீர் அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது. இன்னும் மண் தள்ளினான். அதுவும் போனது. ஆளுக்கு ஒன்று சொல்லிக் கத்தினார்கள்.

பொடிச்சி என்னவோ சொன்னாள். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவள் மொட்டையனின் கால் வழியாக ஏறினாள், கழுத்து வழியாக ஏறினாள், கடைசியில் அவன் காதைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"இந்தப் பக்கம் அடைச்சா நிக்காது, அண்ணே. தண்ணி தள்ளிடும். உள்பக்கம் அடைக்கணும். அங்க வச்சா தண்ணியே அதை அழுத்திப் பிடிச்சுக்கும். வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

மொட்டையன் ஒரு கணம் யோசித்தான். அவள் சொன்னது சரி என்று பட்டது.

"டீச்சர், பொடிச்சி சொல்றதைக் கேளுங்க!" என்று கத்தினான். எருமைக் குரல் அல்லவா, எல்லோரும் அடங்கினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் ஏவவேண்டியிருக்கவில்லை. குஞ்சுகள் கோரைப்புல்லை எடுத்துக் குருவி வீட்டில் கற்றபடி அடைபோல முடைந்தன. மொட்டையன் கரையான் வீட்டில் கற்றபடி களிமண்ணைக் குழைத்தான். டீச்சர் இரண்டையும் சேர்த்து உருட்டினார். மொட்டையன் வயிறளவு தண்ணீரில் இறங்கி, ஓட்டைக்கு நேரே நின்று வாலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான்.

"என் வாலைப் பிடிச்சுக்கோ. இல்லன்னா உன்னையும் தண்ணி இழுத்துட்டுப் போயிடும்."

பொடிச்சி ஒரு கொடுக்கால் வாலை இறுக்கிப் பிடித்தாள். இன்னொரு கொடுக்கால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு முங்கினாள். கொடுக்கு கடித்த வலியில் மொட்டையனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவன் வாலை அசைக்கவே இல்லை. அசைத்தால் பிடி நழுவும் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் உருண்டை கோணலாகப் போய்ச் சிக்கியது. அடுத்த உருண்டை சரியாகப் பொருந்தியது. தண்ணீரே அதை உள்ளே இழுத்து இறுக்கியது. மேலே இன்னும் இரண்டு வைத்துப் பூசினாள். வெளிப்பக்கத்தில் வழிந்துகொண்டிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகி நின்றது.

குளத்தில் ஒரு முழம் தண்ணீர் குறைந்திருந்தது. மிச்சமெல்லாம் தப்பியது.

பொழுது சாய்ந்தது. வீட்டுக்குப் புறப்படும் நேரம். பொடிச்சி யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக நகர்ந்தாள். குளத்தைவிட்டுப் போகச் சொல்வார்கள், அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவளுக்கு அழுகை வந்தது.

"நில்லு" என்றான் மொட்டையன். வந்து, அவள் உயரத்துக்கு முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தான்.

"தண்ணியை எந்தப் பக்கம் அடைக்கணும்னு இன்னிக்கு உன்கிட்டக் கத்துக்கிட்டேன்."

பொடிச்சி கண்களை நீட்டி அவனைப் பார்த்தாள். நீட்டிய கண்கள் நீட்டியபடியே நின்றன.

"நானும்" என்றது ஒரு குஞ்சு. "நானும்" என்று மற்றவையும் வந்தன.

"வளையை எங்க தோண்டக் கூடாதுன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் டீச்சர். "அதை நானும் இன்னிக்கு உன்கிட்டத்தான் கத்துக்கிட்டேன்."

கடைசியாக வாத்தம்மா வந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கல. இருந்தாலும் சொல்லாமப் போனா நல்லா இருக்காது. எம்புள்ளைங்களுக்குத் தண்ணி இருக்கு. அதுக்கு உனக்கு நன்றி, கண்ணு. காலையில நான் பேசினதை மறந்துடு."

பொடிச்சி மெல்ல மொட்டையன் பக்கம் திரும்பினாள். அவளும் சொல்லியாக வேண்டுமே!

"வலிச்சாலும் அசையாம நிக்கிறதை இன்னிக்கு உங்ககிட்டக் கத்துக்கிட்டேன், அண்ணே."

"அதை வலிக்க வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்று மொட்டையன் வாலைத் தூக்கிக் காட்டினான். நுனி வீங்கியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், பொடிச்சியும் சிரித்தாள்.

அந்தக் கோடையில் குளம் வற்றவில்லை. கரையில் எங்கே ஓட்டை விழும் என்று பார்த்துச் சொல்லும் வேலை நண்டுக் குடும்பத்துக்கே வந்து சேர்ந்தது. மொட்டையனுக்குக் கொம்பு முளைத்த பிறகும் அவன் அதே வகுப்பில்தான் உட்கார்ந்தான், பொடிச்சிக்குப் பக்கத்தில்.

நமக்கு ஒன்றைக் கற்றுத் தந்தவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும், அவரிடமே போய் வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும்.