கூப்பிடாத பேர்

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குப்பம். அங்கே ஓர் இளைஞர் மன்றம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். கேரம் ஆடுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பழகுவார்கள்.

படிக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. வயது இருபத்தாறு. அவளிடம் வேலை பழக வந்தவர் திருவேங்கடம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "வாத்தியாருக்கே வாத்தியாரா?" என்று குப்பம் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒப்படைத்த பிள்ளை மோனிஷா. எட்டாம் வகுப்பு. "லீவுக்குள்ள படிக்க வர்லன்னா என்னோட இறால் உரிக்க இட்டுனு போய்டுவேன்" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். லீவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அவர் ஒரு வரி படிப்பார். மோனிஷா கணீரென்று திருப்பிச் சொல்வாள். பத்தே நாளில் பாடம் முழுக்க ஒப்பித்தாள். வேறு பக்கத்தைக் காட்டினால் வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர், இவ்வளவு ஞாபகசக்தி இருக்கு. படிப்பு மட்டும் ஏன் வரல?"

ஜெசிந்தா சுவரில் தொங்கிய சிலேட்டைக் காட்டினாள். கேரம் ஆட வேண்டியவர்களின் பேர் அதில் வரிசையாக இருக்கும். திருவேங்கடம்தான் எழுதுவார். முறை வந்ததும் அவரே கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துக் குரல், தெருமுனை வரை கேட்கும்.

"நாளையிலேர்ந்து எழுதுங்க சார். கூப்பிடாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அது உங்களுக்குக் கஷ்டம் சார்."

கஷ்டமாகத்தான் இருந்தது. மறுநாள் மோனிஷாவின் முறை வந்தது, போனது. மன்றத்திலேயே நன்றாக ஆடுகிறவள் அவள். அழுகை முட்டியது.

"என் பேரை ஏன் சார் கூப்புடல?"

"எழுதியிருக்கேனேம்மா."

"போ சார்!" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"பிள்ளையை விரட்டிட்டோம் டீச்சர்." அவருக்குப் பயமாக இருந்தது.

"கேரம் இங்கதானே சார் இருக்கு."

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, நேரே சிலேட்டின் முன்னால் நின்றாள். தன் பேர் மட்டும் அவளுக்குத் தெரியும். அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதுக்கு மேல யாரு சார்?"

அவர் வாயைத் திறந்தார். ஜெசிந்தா இருமினாள். மூடிக்கொண்டார்.

"ரோ... ரோசு... ஏய் ரோஸ்லின், நீயாடி எனக்கு முன்னால?"

"குத்துமதிப்பா சொல்றா டீச்சர்" என்று கிசுகிசுத்தார்.

"சொல்லட்டும் சார். தப்பா சொன்னா ரோஸ்லின் சும்மா விடுவாளா?"

ஒரு வாரத்தில் சிலேட்டிலிருந்த பதினான்கு பேரும் அவளுக்கு அத்துப்படி. பிறகு ஜெசிந்தா பேருக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு வரி எழுத ஆரம்பித்தாள். மோனிஷா தன் வரியை முக்கி முனகிப் படித்தாள்.

"'மோனிஷா... நேற்று... சிவப்புக் காயைப் போடாமல்... தோற்றாள்.' யாரு எழுதுனது? பொய்யி! நான் போட்டேன்!"

சாக்பீஸைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள்.

லீவுக்கு முந்தின நாள் அம்மா வந்து வாசலில் நின்றாள். ஜெசிந்தா, யாரும் சொல்லிக்கொடுக்காத பக்கம் ஒன்றை மோனிஷாவிடம் நீட்டினாள். நாலு வரி. மூன்று தப்பு. இரண்டை அவளே திருத்திக்கொண்டாள். திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அம்மா கேட்டாள்: "ஒம்பதாவதுக்கு எத்தினி நோட்டு வாங்கணும் சார்?"

அவர்கள் போன பிறகு திருவேங்கடம் சிலேட்டைத் துடைத்தார். பாதியில் நின்றார்.

"டீச்சர், முதல் பத்து நாள் தொண்டை வலிக்கச் சொல்லிக்கொடுத்தேனே. அப்ப இங்க யாருமே படிக்கலையா?"

"படிச்சாங்களே சார்."

"யாரு?"

"நீங்க."