பனியாளிக் கதையோட முடிவு

மேகம் இறங்கிக் குளிக்கிற ஏரி ஒண்ணு இருந்துச்சு. அந்தச் சீமை ராஜாவுக்குப் பனியில வாழற யாளியோட கதை, பனியாளிக் கதைன்னா உசுரு. அதைக் கட்டின கவிராயரு மூணு பாகம் எழுதிட்டு, முடிவு சொல்ற நாலாவதை எழுதாமலே கண்காணாத தேசம் போயிட்டாரு.

தினம் காலையில பனிமூட்டத்துல ராஜா ஏறின ஓடம் மிதக்கும். ஆஸ்தானப் புலவரு அனந்தகூத்தரு அதுல சாஞ்சுக்கிட்டுக் கதை படிப்பாரு. ஒருநாள், "கதையில கொக்கு ஒத்தைக் கால்ல நிக்குதே, அது சூசகம் மகாராஜா! யாளி தோக்கும். முடிவு முழுக்க எனக்குத் தெரியும்"னாரு.

ஓடக்காரன் சடையன் சிரிச்சுட்டான். "கொக்கு வேற எப்படிங்க நிக்கும்?"

ராஜாவுக்குக் கோவம் வந்துருச்சு. "அப்ப முடிவை நீ சொல்லுடா! கரை சேர்றதுக்குள்ள சொல்லலேன்னா ஓடம் உனக்கில்லை."

"சொல்றேன் சாமி. ஆனா கவிராயரு வேற சூசகம் வச்சிருக்காரு. முதல் பாகத்துல சோசியன் நடக்கப்போறதைச் சொன்னான், செத்தான். ரெண்டுல மந்திரி சொன்னான், செத்தான். மூணுல நாகராணி அதைக் காது குடுத்துக் கேட்டா, அவளும் செத்துப்போனா. இப்ப சொல்லட்டுங்களா?"

ராஜா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. மெதுவா புலவரு பக்கம் திரும்பினாரு. "ஓய், உமக்கு முழுக்கத் தெரியும்னீரே?"

"எனக்கா? சத்தியமா ஒண்ணும் தெரியாது மகாராஜா!"

"ரெண்டு பேரும் சொல்ல வேணாம். சடையா, ஓடத்தை நீயே வச்சுக்க. புலவரே, முதல் பாகத்தை எடும்."

சடையன் துடுப்பை மடியில வச்சுக்கிட்டான். ஓடம் பனிக்குள்ள போற போக்குல போச்சு.