ஒரு நாற்காலியும் இரண்டு தூதர்களும்

பன்னிரண்டு நாடுகள் கூடும் பேரவையில் வேலம்பாடி நாட்டுக்கு ஒரே நாற்காலி. அதில் மூன்று வருஷமாக இரண்டு தூதர்கள் ஆளுக்குப் பாதியாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், கடல் தாண்டி ஓடிப்போன ராஜா அனுப்பியவர். இன்னொருவர், அரண்மனையைப் பிடித்துக்கொண்ட தளபதி அனுப்பியவர். "நாங்கள்தான் நாடு!" என்று இருவரும் தினமும் கத்துவார்கள்.

அவைத்தலைவருக்கோ இருவரையும் பகைத்துக்கொள்ளப் பயம். நாற்காலி துடைக்கும் மாடத்தியைப் பிடித்துக்கொண்டார்.

"பொழுது சாய்வதற்குள் ஒருவரை எழுப்பு. இல்லையென்றால் நாளைக்கு உனக்கு வேலை இல்லை!"

மாடத்தி அந்த நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டாள்.

"வேலம்பாடி சனங்க அனுப்பின மனுங்க, சாமி. நாற்காலிக்காரர்தான் பிரிச்சுப் பதில் சொல்லணும், அதானே அவை வழக்கம்? யாரு பிரிக்கிறாங்களோ அவங்களுக்கே நாற்காலி."

"பஞ்சம் வந்தது இவர்கள் ஆட்சியில்! பதிலும் இவர்களே சொல்லட்டும்!" என்று ராஜாவின் தூதர் எழுந்தார்.

"களஞ்சியத்தைக் காலி செய்துவிட்டு ஓடியது இவர்கள்!" என்று தளபதியின் தூதரும் எழுந்தார்.

நாற்காலி காலி. அவையே சிரித்தது.

"பலே! என்ன வேண்டும், கேள்" என்றார் தலைவர்.

"நீங்களாவது பிரிங்க, சாமி."

பிரித்தார். அடியில் கிடந்த முதல் மனுவில், 'நெல் அனுப்புங்கள்' என்ற வரிக்குக் கீழே முந்நூறு கைநாட்டு. அடுத்தடுத்த மனுக்களில் வரி அதேதான், கைநாட்டு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததில் ஒன்றே ஒன்று.

"இதற்குப் பிறகு வந்தவை எங்கே?"

"வரலீங்க, சாமி" என்றாள் மாடத்தி.